வண்டி ஏற்றுகிற வண்டி

"இனிமே உங்க பின்னாடி நான் உக்கார மாட்டேன். சொல்லிட்டேன்."

பக்குரங்காவில் எங்கள் வீட்டு வாசலில், கழற்றிய ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி என் மனைவி இதைச் சொன்னாள். இந்த நாட்டிலும் கோரமண்டல் என்று ஒரு கடற்கரை உண்டு. அதன் சாலையில் புல்லட்டில் ஒரு சுற்று போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தோம். வரும் வழியில் பாதி தூரம் மழை, மீதி தூரம் லாரிகள். இடுப்பில் ஒரு கையை ஊன்றி நிமிரப் பார்த்தாள், முடியவில்லை. அப்புறம் உள்ளே போய் இரண்டு பேருக்கும் டீ போட்டாள். கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்கு டீ வந்திருக்காது. டீ வந்துவிட்டதால், நிதானமாக யோசித்துத்தான் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது.

அவளுக்கு முதுகுத் தண்டில் ஒரு தட்டு கொஞ்சம் விலகியிருக்கிறது. நாள் முழுக்கப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தக் குப்பிகளுக்கு முன்னால் குனிந்து நிற்கிற வேலை. பிசியோதெரபிஸ்ட் பெண் பைக் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துப் போங்கள் என்றுதான் சொன்னாள். ஆனால் மனைவி சொன்னதில் பார்த்துப் போவதற்கெல்லாம் இடமே இல்லை. முடிந்தது கதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு பைக்குக்கு இவ்வளவு அலட்டலா என்று கேட்கலாம். மகள் வெலிங்டனுக்குப் படிக்கப் போன பிறகு எங்கள் வீட்டுப் பேச்சு மிகவும் சுருங்கிவிட்டது. இன்றைக்குச் சிவப்புக் குப்பைத் தொட்டியா, மஞ்சள் தொட்டியா? மார்ட்கேஜ் வட்டி என்ன ஆச்சு? ராத்திரிக்கு தோசையா, சப்பாத்தியா? இதற்கு மேல் சொல்ல இரண்டு பேரிடமும் ஒன்றும் இல்லை. அந்தச் சமயத்தில்தான் புல்லட்டை வாங்கினேன். பைக்கில் போகும்போதும் நாங்கள் பேசுவதில்லை, காற்றில் பேசினால் கேட்காது. ஆனால் அவள் வலது தோளில் ஒரு தட்டு தட்டினால் மெதுவாகப் போக வேண்டும், இரண்டு தட்டு தட்டினால் எங்கேயாவது நிறுத்தி டீ குடிக்க வேண்டும். மூன்று தட்டு என்று ஒன்று உண்டு. அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது, சும்மா. அந்த மூன்றாவது தட்டுக்காகத்தான் நான் வாரம் முழுக்க சனிக்கிழமையை எதிர்பார்த்துக் கிடந்தேன்.

அவள் அப்படிச் சொன்ன பிறகு ஒரு முறை தனியாகப் போனேன். தேம்ஸ் ஊரில், கடலுக்குப் பக்கத்து பேக்கரியில் உட்கார்ந்து ஒரு பன் தின்றேன், எழுந்து வீட்டுக்கு வந்தேன். ஆபீசுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது. அவள் இல்லாமல் எனக்கு இந்த வண்டி வேண்டாம் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. விற்றுவிடலாமா என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன், மனசு வரவில்லை.

மகளுக்கு போன் செய்து புலம்பினேன். அவள் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லுகிற ஜாதி. "அப்பா, ஜஸ்ட் ஆஸ்க் ஹர்" என்றாள். அம்மாவையே கேட்கச் சொல்கிறாள். இந்தப் பிள்ளைகளுக்கு எல்லாமே சுலபம். கேட்டால் மறுபடியும் மாட்டேன் என்று சொல்வாள், அப்புறம் அது இரண்டு முறை சொன்னதாகிவிடும் என்பது என் கணக்கு. நான் மென்பொருளைச் சோதித்துப் பார்க்கிற வேலையில் இருப்பவன். எழுதிக் கொடுத்த ஒரு வாக்கியத்தை இன்னும் எத்தனை விதமாகப் புரிந்துகொள்ள முடியும் என்று துருவிப் பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அந்தத் துருவல் எல்லாம் சாயங்காலம் ஐந்து மணியோடு சரி.

பிறகுதான் ட்ரெய்லர் யோசனை வந்தது. அவள் முதுகைக் கெடுப்பது கோரமண்டல் இல்லை, அங்கே போய்ச் சேருகிற மோட்டார்வே. அந்த தூரத்தைக் காரில் கடந்துவிட்டால்? புல்லட்டை ஒரு ட்ரெய்லரில் ஏற்றிக் காருக்குப் பின்னால் மாட்டிவிட வேண்டியது. அவள் காரில் சூடு வருகிற சீட்டில் சாய்ந்துகொண்டு வருவாள். தேம்ஸ் போனதும் வண்டியை இறக்கி, கடலோரமாக அந்த அழகான பகுதியை மட்டும் ஒரு சுற்று. அதற்குக்கூடவா பின்னால் உட்கார மாட்டாள்? மனைவியை வழிக்குக் கொண்டுவர நகை வாங்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. நான் ட்ரெய்லர் வாங்க முடிவு செய்தேன்.

திறந்த ட்ரெய்லர் என்றால் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் ஒரு தடவை மோட்டார்வேயில் திறந்த ட்ரெய்லரில் நாலு பக்கமும் பட்டை போட்டுக் கட்டிய ஒரு பைக் மழையில் நனைந்துகொண்டே போனதைப் பார்த்து அவள், "பாவங்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருந்தாள். போதாக்குறைக்கு இந்த ஊரில் வெளியே நிறுத்திய பைக் காலையில் இருக்குமா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மூடிய ட்ரெய்லர் என்றால் பூட்டிவிடலாம், மழை வந்தால் உள்ளே நின்று உடை மாற்றலாம், பிளாஸ்க்கை வைத்து டீ ஊற்றலாம். ஆகவே மூடியதுதான்.

"ஒரு மூடின ட்ரெய்லர் பாக்கலாம்னு இருக்கேன், வண்டி ஏத்திட்டுப் போக" என்று சொன்னேன். அவள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "நெஜமாவா? நானும் வர்றேன் பாக்கறதுக்கு" என்றாள். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

முதலில் மனுகாவ் பக்கம் ஒரு விற்பனைக் கூடத்துக்குப் போனோம். ஒரு பைக் நிற்கிற அளவில் புதிதாக ஒன்று இருந்தது. பின்பக்கச் சுவரே சாய்ந்து இறங்கிச் சரிவுப் பலகையாகிவிடும். கூரையில் காற்றுப் போக ஒரு மூடி, பெட்ரோல் வாடை தங்காது. எடையும் எங்கள் கார் இழுக்கிற அளவுக்குள் இருந்தது. நான் கையோடு கொண்டுபோயிருந்த டேப்பை நீட்டிக் கதவின் உயரத்தைப் பார்த்தேன், கண்ணாடி இடிக்காது. தரையைத் தட்டினேன். சக்கரத்தடியில் குனிந்து துரு இருக்கிறதா என்று பார்த்தேன், புது ட்ரெய்லரில். விற்பவர் பொறுமைசாலி.

மனைவி உள்ளே ஏறி நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள். இரண்டு விரல் நுனிகளும் சுவரைத் தொட்டன.

"பத்தாதுங்க" என்றாள்.

"என்ன பத்தாது? வண்டி தாராளமா நிக்கும்."

"நிக்கும். ஆனா பத்தாது."

எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டது என்று நினைத்தேன். எங்கள் வீட்டு கராஜில் கார் ஒரு நாளும் நின்றதில்லை. அரிசி மூட்டை, பொங்கல் விழாவுக்குத் தமிழ்ச் சங்கம் கொடுத்து வைத்த அண்டாக்கள், திருப்பி வாங்கிக்கொள்ள யாரும் வராத கொலு படிகள், அவளுடைய சிநேகிதி வீடு மாறும்போது "ரெண்டு வாரத்துக்கு" என்று வைத்துவிட்டுப் போன தையல் மெஷின். இப்போது சக்கரம் வைத்த இன்னொரு அறை கிடைக்கப் போகிறது, அதிலும் அண்டாக்களைக் குடிவைக்கத் திட்டம் போடுகிறாள். காரில் திரும்பும்போது லேசாக இடித்துக் காட்டினேன்.

"இது வண்டிக்குத்தான் வாங்கறோம். வேற எதுக்கும் இல்ல."

"நான் மட்டும் வேற எதுக்குன்னு சொன்னேனா? வண்டிக்குத்தான் பத்தாதுன்னேன்."

பேச்சை அதோடு விட்டேன். முகம் மலர்ந்திருக்கிற மனைவியிடம் வாதம் செய்கிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. அடுத்த வாரமும் பார்த்தோம். ஒன்று அகலமாக இருந்தது, ஆனால் எங்கள் கார் இழுக்காது. இன்னொன்றில் சரிவுப் பலகைக்குப் பதில் இரட்டைக் கதவு, தனியாகப் பலகை தூக்கிப் போட வேண்டும். அவள் முதுகுக்கு அது ஆகாது என்று நான் வேண்டாம் என்றேன். இந்த நாட்டில் காருக்குப் பின்னால் ட்ரெய்லரை மாட்டுகிற கொக்கி உருண்டையிலும் இரண்டு அளவு உண்டு என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன். அவள் போகிற இடமெல்லாம் உள்ளே ஏறிக் கையை விரித்துப் பார்த்தாள்.

பிறகு ஹென்டர்சனில் ஒருவர் தம்முடைய பழைய ட்ரெய்லரை விற்கிறார் என்று தெரியவந்தது. மன்னார்க்காரர், எலக்ட்ரீஷியன், வயதில் எனக்குத் தம்பி முறை. புதிதாக வாங்கிய வீட்டில் ட்ரெய்லரை நிறுத்த இடம் இல்லையாம். போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு கூப்பிட்டேன். மனைவி பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஓம் அண்ணை, கதையுங்கோ" என்றார்.

"தம்பி, என் வண்டி கொஞ்சம் பெருசு. உங்க ட்ரெய்லருக்குள்ள நுழையுமா?"

அந்தப் பக்கம் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீங்கள் பக்கக் கதவாலதானே போவியள்? அது காணும் அண்ணை. என்ர வண்டியும் பெரிசுதான். நான் சும்மா போய் வாறன்."

"பக்கக் கதவு வழியாவா? அதுல வண்டி எப்படிங்க திரும்பும்?"

"கொஞ்சம் மூச்சை உள்ளுக்கு இழுத்தியள் எண்டா சரி."

எனக்குத் தலை சுற்றியது. மனைவி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். சிரிப்பை அடக்க முடியாமல் மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். அவளோடு வேலை செய்கிறவர்களில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இருக்கிறார்கள், அதனால் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. "ஏங்க, அவங்க ஊர்ல வண்டின்னா தொப்பை" என்றாள். பிறகு போனைப் பார்த்து, "தம்பி, அவர் மோட்டார் சைக்கிளைச் சொல்றார்" என்று கத்தினாள்.

"ஐயோ அக்கா, மோட்டச்சைக்கிளோ! நான் அண்ணையைப் பற்றி என்னவெல்லாமோ யோசிச்சுப்போட்டன்!"

மூன்று பேரும் சிரித்தோம். அவள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். ஒரே மொழி பேசுகிறோம் என்று பெயர், ஒரு சொல் இரண்டு கடற்கரைகளில் இரண்டு அர்த்தம் கொண்டுவிட்டது என்று அன்று ராத்திரி சாப்பாட்டின்போது நான் ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன். ஒருவர் சொல்வதை இன்னொருவர் தன் பழக்கத்தை வைத்தே கேட்கிறார், ஆகவே திருப்பிக் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று முடித்தேன். அவள், "ஆமா ஆமா" என்று ரசம் ஊற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹென்டர்சனுக்குப் போனோம். அந்தத் தம்பிக்கு உண்மையாகவே நல்ல வண்டி, அவர் ஊர் அர்த்தத்தில். கையைக் குலுக்கும்போது அதைத் தட்டிக் காட்டி அவரே சிரித்தார். மனைவியை "வாங்கோ அக்கா" என்று உள்ளே கூப்பிட்டு, அவருடைய வீட்டம்மா செய்திருந்த கேக்கை முதலில் சாப்பிட வைத்துவிட்டுத்தான் ட்ரெய்லரைத் திறந்தார்.

வெள்ளை நிறம், பக்கத்தில் ஒரு நீளமான கீறல், மற்றபடி சுத்தம். இங்கே வாரண்ட் என்று சொல்கிற தகுதிச் சான்றிதழையும் புதிதாக எடுத்திருந்தார். பின்சுவரைக் கீழே இறக்கினால் அப்படியே சரிவுப் பலகை, ஒரு கையால் இறக்கிவிடலாம். உள்ளே ப்ளைவுட் தரை, கட்டுவதற்கு இரும்பு வளையங்கள். முன்பக்கத்தில் பைக்கின் முன் சக்கரம் போய் நிற்பதற்கு இரும்புக் கவ்விகள் இரண்டு, பக்கத்தில் பக்கத்தில் தரையோடு முடுக்கியிருந்தன.

"இரண்டு மோட்டச்சைக்கிள் வடிவா நிக்கும் அண்ணை" என்றார்.

மனைவி வழக்கம்போல ஏறி நடுவில் நின்று கைகளை விரித்தாள். விரல்கள் சுவரைத் தொடவில்லை. அந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள், இந்தப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள். "இது சரி" என்றாள்.

எனக்கும் பிடித்துவிட்டது. எடை சரி, உயரம் சரி. அண்டாக்களைப் பற்றி மட்டும் ஒரு முடிவுக்கு வந்துவிடலாம், பெருந்தன்மையாக நடந்துகொள்வோம் என்று நினைத்தேன்.

"தம்பி, இதுல ஒரு கவ்வியைக் கழட்டிட முடியுமா? எங்ககிட்ட ஒரு வண்டிதான். மிச்ச இடத்துல இவங்க சாமான் ஏதாவது வெச்சுக்கட்டும்."

"அது சுகம். நாலு நட்டுத்தான். நிண்டுகொள்ளுங்கோ, ஸ்பானர் எடுத்துக்கொண்டு வாறன்."

"கழட்டாதீங்க தம்பி" என்றாள் மனைவி.

அவர் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றார். நான் அவளைப் பார்த்தேன்.

"ஏன்?"

"ரெண்டாவது வண்டிய எங்க நிறுத்தறது?"

"எந்த ரெண்டாவது வண்டி?"

"என் வண்டி."

எனக்கு விளங்கவில்லை என்பது என் முகத்தில் நன்றாகவே எழுதியிருந்திருக்கும். அவளுக்கு நான் விளையாடுகிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே, இனிமே உங்க பின்னாடி உக்கார மாட்டேன்னு."

"ஆமா சொன்னே. அதனாலதானே..."

"பின்னாடி உக்கார மாட்டேன்னா, முன்னாடி உக்காரப் போறேன்னு அர்த்தம். தனியா ஓட்டப் போறேன்னு அர்த்தம். நீங்க என்னன்னு நெனச்சீங்க?"

நான் குனிந்து அந்த இரண்டாவது கவ்வியைப் பார்த்தேன்.

"நீங்க ட்ரெய்லர் பாக்கலாம்னதும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கேக்காமலே புரிஞ்சுக்கிட்டீங்கன்னு நெனச்சேன். ஒரு வண்டிக்கு யாராவது ட்ரெய்லர் வாங்குவாங்களா? ஓட்டிட்டுப் போக வேண்டியதுதானே!"

மன்னார்த் தம்பி, "அக்கா சொல்லுறது நியாயம்தானே அண்ணை" என்று சொல்லிவிட்டு, கேக் இன்னும் கொஞ்சம் கொண்டுவருகிறேன் என்று வீட்டுக்குள் போய்விட்டார். நல்ல மனிதர்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலி ட்ரெய்லருக்குள் நின்றோம். முதுகு என்னத்துக்கு ஆகும் என்று நான் கேட்டேன். பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுவிட்டாளாம். "பள்ளம் வர்றது உங்களுக்குத் தெரியுது. நீங்க கொஞ்சம் எந்திரிச்சுக்கிறீங்க, காலை ஊனிக்கிறீங்க. எனக்குத் தெரியறதில்ல. திடீர்னு தூக்கிப் போடுது. அங்கதான் அடி விழுது. ரோட்டைப் பாத்து ஓட்டினா அந்த அடி இல்ல" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படி வலித்தது.

"இத்தனை வருஷமா உங்க ஹெல்மெட்டோட பின்பக்கத்தையே பாத்துட்டு வந்தாச்சு. அதுல என்ன எழுதியிருக்குன்னு எனக்கு மனப்பாடம். கடல் எல்லாம் எனக்கு ஒரு பக்கமாத்தான் தெரியும்" என்றாள்.

இவள் கல்யாணத்துக்கு முன்னால் திருச்சியில் ஸ்கூட்டி ஓட்டியவள். பெண் பார்க்கப் போன அன்றைக்கு எங்கள் காரைத் தெருமுனையில் முந்திக்கொண்டு பறந்த ஒரு ஸ்கூட்டி, அவள் வீட்டு வாசலில்தான் போய் நின்றது. விசா, வேலை, குழந்தை என்று வந்ததில் அந்த ஸ்கூட்டியை நான் சுத்தமாக மறந்திருந்தேன். அவள் மறக்கவில்லை. ஹென்டர்சனிலிருந்து திரும்பிய ராத்திரி மகளுக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன். சிரிப்புச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் கேட்டது. "ஐ டோல்ட் யூ" என்றுகூட அவள் சொல்லவில்லை, அது அவள் பெருந்தன்மை.

கவ்வி இரண்டும் அப்படியே இருக்க, ட்ரெய்லர் எங்கள் வீட்டுக்கு வந்தது. கோயிலில் பூஜை போட்டோம். பழக்கத்தில் நாலு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ட்ரெய்லருக்கு இரண்டு சக்கரம்தான். குருக்கள் மிச்சம் இரண்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். "அது என் வண்டிக்கு, பத்திரமா வைங்க" என்று அவள் வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வண்டி வருவதற்குள் அந்தப் பழங்கள் ஃபிரிட்ஜிலேயே வாடிப்போய், வேறு இரண்டு வாங்க வேண்டியதாயிற்று. லேர்னர் லைசென்ஸுக்கான பைக் பரீட்சையில் கூம்புகளுக்கு நடுவே வளைந்து ஓட்டிக் காட்டி முதல் தடவையே தேறினாள். நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன்.

முதல் பயணத்துக்குத் தோதான சனிக்கிழமை அமைந்தது. புல்லட்டை முதலில் ஏற்றினோம், பிறகு அவளுடைய சின்ன வண்டியை. தேம்ஸ் வரைக்கும் அவள் சூடான சீட்டில் சாய்ந்துகொண்டு வந்தாள். கடலோரத்தில் நிறுத்திப் பின்சுவரை இறக்கினேன். லேசானதை முதலில் இறக்கலாம் என்று முடிவு. அவள் வண்டி இறங்கியது, பின்னால் மஞ்சள் நிற 'எல்' பலகையோடு. நான் புல்லட்டைக் கட்டிய பட்டைகளை அவிழ்த்து இறக்குவதற்குள் அவள் கையுறையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நான் முன்னாடி போறேன். மெதுவாத்தான் போவேன், முந்தக்கூடாது" என்றாள்.

முந்தவில்லை. கடல் இடது பக்கம் தொடர்ந்து வந்தது. முன்னால் அந்த மஞ்சள் பலகை, அதற்கு மேல் அவள் முதுகு, நேராக. தோளில் தட்ட யாரும் இல்லாதது எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு வளைவு தாண்டியதும் அவள் திடீரென்று இடது காலை வெளியே நீட்டித் தரையைக் காட்டினாள். கால் மரத்துவிட்டதோ, உதறுகிறாளோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கியது. அந்த அடி அப்படியே முதுகுத்தண்டில் ஏறிக் கழுத்து வரைக்கும் போனது.

டீ குடிக்க நிறுத்தியபோது கேட்டாள்.

"பள்ளம்னு காட்டினேனே, பாக்கலையா?"

"பாத்தேன். புரியல."

"முன்னாடி போறவங்க பின்னாடி வர்றவங்களுக்குக் காட்டணும். கிளாஸ்ல சொல்லிக் கொடுத்தாங்க" என்றாள். பிளாஸ்க் மூடியில் எனக்கு டீயை ஊற்றிக் கொடுத்தாள். முதுகு எப்படி இருக்கிறது என்று என்னைக் கேட்டாள். நான்தான் இத்தனை நாள் அவளைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நன்றாக இருக்கிறது என்றேன்.

கிளம்பினோம். கொஞ்ச தூரம் போனதும் அவள் மறுபடியும் காலை நீட்டினாள். நான் விலகி ஓட்டினேன்.